ஞாயிற்றுக்கிழமை அடைத்த பாக்கெட்டுகள்

எலிசபெத்தக்கா எங்கள் குடோனுக்கு வேலைக்கு வந்தது இரண்டாயிரத்து ஒன்றாம் வருஷம், ஜூன் மாதம். தங்கவயலில் சுரங்கத்தை மூடி நாலு மாதம் ஆகியிருந்தது. அவர் வீட்டுக்காரர் ஆம்ப்ரோஸ் பத்தொன்பது வருஷம் சுரங்கத்துக்குள் இறங்கி ஏறியவர். கையில் கொடுத்த பணத்தை வாங்கிக்கொண்டு, மகள் வீணாவையும் கூட்டிக்கொண்டு பெங்களூர் ஈஜிபுராவில் ஓர் ஒற்றை அறை வீட்டுக்குக் குடிவந்தார்கள். ஆம்ப்ரோஸுக்குக் கோரமங்களாவில் ஓர் ஆபீஸ் வாசலில் செக்யூரிட்டி வேலை. வீணா அப்போது ஏழாம் வகுப்பு.

நான் விஜி. நீலசந்திராவில் பிறந்து வளர்ந்தவள். அதே குடோனில் பாக்கெட்டுகளின் மேல், எந்தத் தடவை வந்த சரக்கு என்று காட்டும் லாட் நம்பரும் தேதியும் அச்சடிக்கிற மெஷின் என் பொறுப்பில் இருந்தது. நடந்ததில் எனக்கும் ஒரு பங்கு இருக்கிறது. அது நல்ல பங்கு இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

குடோன் அடுகோடியில், ஓசூர் ரோட்டிலிருந்து உள்ளே போகிற ஒரு சந்தில், லேத் பட்டறைக்கும் மரக்கடைக்கும் நடுவில் இருந்தது. சேஷகிரி என்ற காண்ட்ராக்டர் நடத்தினார். விதைக் கம்பெனிகள் மூட்டை மூட்டையாக விதை அனுப்பும். தக்காளி, சோளம், சூரியகாந்தி, பருத்தி எல்லாம் வரும். நாங்கள் பதினாலு பெண்கள். உடைந்ததையும் சொத்தையையும் பொறுக்கி எறிந்து, எடை போட்டு, பாக்கெட்டில் அடைத்துக் கொடுப்போம். விதைக்கு மருந்தும் சாயமும் ஏற்றியிருப்பார்கள். சாயங்காலம் பார்த்தால் எல்லாருடைய விரலும் ஊதாவாக இருக்கும். அந்தக் கையோடுதான் சோறும் தின்போம்.

எலிசபெத்தக்கா வந்த இரண்டாவது வாரம் சேஷகிரியிடம் போய் சோப்பு கேட்டார். வீட்டிலிருந்து கொண்டுவரச் சொன்னார் அவர். மறுநாள் மத்தியானம் அக்கா டப்பாவைத் திறக்காமல் மேஜை முன்னால் உட்கார்ந்திருந்தார். மூன்று நாள் அப்படியே மத்தியானச் சோறு சாப்பிடவில்லை. சண்டை இல்லை, சத்தம் இல்லை. நாலாவது நாள் குழாயடியில் ஒரு சோப்பு இருந்தது. அதற்குப் பிறகு எங்களில் மரகதம் உட்பட அவரைவிட வயதான பெண்கள்கூட அவரை அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள்.

அடுத்த வருஷம் பி.டி. பருத்தி வந்தது. காயைத் துளைக்கிற புழுவைக் கொல்லும் குணத்தை ஒரு கிருமியிலிருந்து எடுத்து, விதைக்குள்ளேயே ஏற்றியிருக்கிறார்கள் என்று கம்பெனிக்காரர் ஒருவர் வந்து எங்களுக்கு விளக்கினார். செடியைக் கடித்தால் புழு சாகும், விவசாயி காய்ப்புழுவுக்கு மருந்து வாங்க வேண்டியதில்லை என்றார். மற்றப் பருத்தி விதை நானூறு ஐந்நூறுக்குக் கிடைத்த காலத்தில் இது ஒரு பாக்கெட் ஆயிரத்து அறுநூறு ரூபாய். ஒரு பாக்கெட் ஓர் ஏக்கருக்கு. அதனுடன் சின்னப் பாக்கெட் ஒன்றும் இருக்கும். அதில் சாதாரண விதை. வயலின் ஓரத்தில் சுற்றிலும் அதை நட வேண்டுமாம், இல்லாவிட்டால் புழு இந்த விஷத்துக்குப் பழகிவிடுமாம். பெரிய பாக்கெட்டின் விதைக்கு நீலச் சாயம், சின்னதுக்கு ரோஸ். கலந்துவிடக் கூடாது என்று கம்பெனிக்காரர் பத்து தடவை சொன்னார். அச்சு சரியாக விழாத பாக்கெட் உறைகளைத் தனியாக எடுத்துவைத்து, அவர் முன்னால் வெட்டி எரிக்க வேண்டும் என்பதும் சட்டம்.

முதல் இரண்டு வருஷம் எரித்தோம். மூன்றாவது வருஷம், இரண்டாயிரத்து நாலில், விதைக்கு அடிதடி. மே மாதக் கடைசியில் கடைக்காரர்கள் ஊர்களிலிருந்து நேராகக் குடோன் வாசலுக்கே வந்து நின்றார்கள். கம்பெனியின் லாரி கடைசிச் சரக்கை ஏற்றிக்கொண்டு ஒரு சனிக்கிழமை போய்விட்டது. அன்று சாயங்காலம் சேஷகிரி எங்களில் ஐந்து பேரை நிறுத்தி, மறுநாள் வரச் சொன்னார். இரட்டைக் கூலி.

எலிசபெத்தக்கா ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்குப் போகாமல் இருந்து நான் பார்த்ததில்லை. அன்றைக்கு வந்தார். வீணாவுக்குப் பத்தாம் வகுப்பு தொடங்கப் போகிறது, டியூஷனுக்குக் கட்ட வேண்டும் என்றார்.

உள்ளே போனால் ஆறு மூட்டை சின்னப் பாக்கெட் விதை. துண்டுச்சீட்டில் அப்படித்தான் எழுதியிருந்தது. பக்கத்தில் இரண்டு டிரம்மில் நீலச் சாயம். இன்னொரு பக்கம் எரித்திருக்க வேண்டிய உறைகள் கட்டுக் கட்டாக. அவற்றில் அச்சு நகர்ந்து, பருத்திக்காய் படம் இரட்டையாகத் தெரிந்தது.

அக்கா விதையைக் கையில் அள்ளிப் பார்த்தார். பிறகு சேஷகிரியிடம், "சார், இது சின்ன பாக்கெட்டோட விதை" என்றார்.

"கம்பெனி ஆர்டர் மாறிடுச்சும்மா. நீ எடையைப் போடு."

அக்கா கையிலிருந்த விதையை மூட்டையிலேயே போட்டார். பிறகு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். என்னிடம் சேஷகிரி வந்து, போன வாரம் போன லாட்டின் நம்பரையே மறுபடியும் அடி, தேதியும் வெள்ளிக்கிழமைத் தேதியாகப் போடு என்றார். அடித்தேன். முந்நூற்று எண்பது பாக்கெட். மூன்று மணிக்கெல்லாம் முடிந்துவிட்டது. ஒரு வேன் வந்து ஏற்றிக்கொண்டு போனது. இரட்டைக் கூலியை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனோம்.

மறு வருஷம் ஜனவரியில், சங்கராந்தி கழிந்து ஒரு வாரம் இருக்கும், குடோன் வாசலில் ஒரு பெண் வந்து உட்கார்ந்தாள். நாற்பது வயதுக்குள்தான் இருக்கும். மடியில் ஒரு துணிமூட்டை. அதில் காய்ந்த பருத்திச் செடி இரண்டு, ஓட்டை விழுந்த காய்கள், மூன்று காலி உறைகள். பெயர் லட்சுமம்மா. ஹிரியூருக்கு அப்பால் ஒரு கிராமம். கன்னடம் தவிர வேறு தெரியாது. உறையின் பின்பக்கம் எங்கே அடைத்தது என்று விலாசம் போட்டிருக்கிறதே, அதைப் படிக்கச் சொல்லிக் கேட்டுக் கேட்டு வந்து சேர்ந்திருக்கிறாள். வாட்ச்மேன் விரட்டினான். சந்து முனை வரை போய் மறுபடியும் வந்து உட்கார்ந்தாள்.

இரண்டாம் நாள் மாலை எலிசபெத்தக்கா அவளைத் தன் வீட்டுக்குக் கூட்டிப் போனார். அங்கே நடந்ததைப் பிற்பாடு வீணா எனக்குச் சொன்னாள்.

லட்சுமம்மாவுக்குச் சொந்த நிலம் இரண்டு ஏக்கர். புருஷன் திப்பேசாமி இன்னும் ஓர் ஏக்கர் குத்தகைக்கு எடுத்து, மூன்று ஏக்கரிலும் இந்த விதையைப் போட்டிருக்கிறார். புழு வராது என்று கடைக்காரர் சொன்னதால் மருந்து வாங்கவில்லை. செடி இடுப்புயரம் வந்து காய் பிடித்தபோது ஒரு காய் விடாமல் புழு. அதே கடைக்காரரிடம் கடனுக்கு மருந்து வாங்கி அடிக்கத் தொடங்கினார். நாலு நாளுக்கு ஒரு தடவை, பதினோரு தடவை. மூக்கில் ஒரு துண்டு கட்டிக்கொண்டு வெயிலில் ஸ்ப்ரேயரைத் தூக்கி அடித்தவர், அக்டோபரில் ஒரு நாள் வரப்பில் விழுந்தார். வாயில் நுரை. ஆஸ்பத்திரியில் மூன்றாம் நாள் செத்துப்போனார்.

பக்கத்து வயல்காரர் வேறு கடையில் அசல் விதை வாங்கியிருந்தார். அவருக்கு நன்றாக விளைந்தது. அந்த வருஷம் எல்லா இடத்திலும் நல்ல விளைச்சல். அதனாலேயே மார்க்கெட்டில் பஞ்சு விலை விழுந்து, அவருக்கே பெரிதாக ஒன்றும் நிற்கவில்லை. ஆனால் கடன் இல்லை. குத்தகை ஏக்கரை அடுத்த வருஷத்துக்கு அவர் எடுத்துக்கொண்டார். லட்சுமம்மா புகார் கொடுக்கப் போன இடத்தில் அந்த வயலைக் காட்டித்தான் பேசினார்கள். அதே விதை அங்கே விளைந்திருக்கிறது, நீங்கள் பார்த்துக்கொண்ட லட்சணம் சரியில்லை என்றார்கள்.

"மருந்தைக் குடிச்சு செத்தார்னு எழுதிக்கொடு, சர்க்கார்ல லட்ச ரூபாய் வரும்னு சொன்னாங்க" என்று லட்சுமம்மா சொல்லியிருக்கிறாள். "அவர் குடிக்கலை. செடிக்கு அடிச்சார். பொழைக்கணும்னு அடிச்சவரைப் போய், சாகணும்னு குடிச்சார்னு நான் எப்படி எழுதிக்கொடுப்பேன்?"

வீணா தட்டில் சோறு போட்டு வைத்தாள். லட்சுமம்மா கை வைக்கப் போகும்போது எலிசபெத்தக்கா ஓர் உறையை எடுத்து விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். காய் படம் இரட்டையாக இருந்தது. அவர் கன்னடத்தில், "இதை அடைச்சது நான்தான்" என்றார்.

லட்சுமம்மாவுக்கு முதலில் விளங்கவில்லை. அக்கா எல்லாவற்றையும் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை, ஆறு மூட்டை, நீலச் சாயம், இரட்டைக் கூலி. கேட்டு முடித்ததும் லட்சுமம்மா சோற்றைத் தொடாமல் எழுந்து, மூட்டையைக் கட்டிக்கொண்டு வெளியே போய்விட்டாள். அன்று இரவு மெஜஸ்டிக் பஸ் ஸ்டாண்டில் படுத்திருக்கிறாள். மறுநாள் காலையில் திரும்பி வந்தாள். பெங்களூரில் அவளுக்கு வேறு யாரையும் தெரியாது.

ஆம்ப்ரோஸுக்கு இது பிடிக்கவில்லை. அவர் கெட்டவர் இல்லை. "மைன்ஸ் மூடும்போது மூவாயிரம் பேருக்கு மேல கேட்டுல நின்னோம். இன்னா கெடச்சுது? நீ ஒருத்தி நின்னு இன்னா பண்ணப் போற, எலிசா?" என்று கேட்டார். ஒரு தடவைதான் கேட்டார்.

அதற்கு அடுத்த நாள் வேலை முடிந்து நான் பஸ்ஸுக்கு நின்றிருந்தபோது அக்கா வந்தார்.

"விஜி, அந்த நம்பரை ரெண்டு தடவை அடிச்சது உனக்குத்தான் தெரியும். நான் பாக்கெட்டைப் பத்தி சொல்றேன். நீ நம்பரைப் பத்தி சொல்லு. ரெண்டு பேரும் சொன்னா நிக்கும்."

"எனக்கு ஞாபகம் இல்லக்கா" என்றேன்.

அவர் என் முகத்தையே பார்த்தார். எனக்கு மே மாதம் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. வேலை போய்விடும் என்ற பயம் ஒன்று. போலீஸ், கோர்ட் என்றால் மாப்பிள்ளை வீட்டில் என்ன சொல்வார்கள் என்பது இன்னொன்று. இதையெல்லாம் அவரிடம் சொல்லியிருக்கலாம். ஞாபகம் இல்லை என்ற ஒரு வார்த்தையைத்தான் சொன்னேன்.

எலிசபெத்தக்கா தனியாகவே விவசாய இலாகாவுக்குப் போய் எழுதிக் கொடுத்தார். விஷயம் சேஷகிரி காதுக்கு வர இரண்டு நாள்கூட ஆகவில்லை. முதலில் உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து நயமாகப் பேசினார். மகள் படிப்புச் செலவைத் தான் ஏற்பதாகச் சொன்னார். அக்கா வேண்டாம் என்றார். அன்றைக்கே கணக்கை முடித்து அனுப்பிவிட்டார்கள். அந்த வாரமே, கழிவு உறைகளைத் திருடி வெளியில் விற்றதாக அவர் மேல் ஒரு புகார். ஸ்டேஷனில் காலை பத்து மணிக்கு உட்காரவைத்தவர்கள் மாலை ஆறுக்குத்தான் விட்டார்கள். ஆம்ப்ரோஸ் யூனிஃபார்மோடு வந்து, அவர் பக்கத்தில் அந்தப் பெஞ்சிலேயே நாள் முழுக்க உட்கார்ந்திருந்தாராம். வழக்கு என்று எதுவும் பதியவில்லை. ஆனால் திருடி என்ற பேர் சந்து முழுக்கப் பரவிவிட்டது. வேறு எந்த விதைக் குடோனிலும் அவரைச் சேர்க்கவில்லை.

லட்சுமம்மாவின் ஊர்க்காரர் ஒருவர் உதவியோடு அவள் ஜில்லா நுகர்வோர் மன்றத்தில் கேஸ் போட்டார்கள். அக்கா பஸ் ஏறி ஐந்து தடவை போனார். நாலு தடவை தள்ளிப்போட்டார்கள். ஐந்தாவது தடவை அவரை விசாரித்தார்கள். நான் அங்கே இல்லை. எங்கள் குடோனிலிருந்து சேஷகிரியோடு போயிருந்த மரகதம் வந்து சொன்னாள்.

சேஷகிரியின் வக்கீல் கேட்டிருக்கிறார், அன்றைக்கு இரட்டைக் கூலி வாங்கினாயா என்று. வாங்கினேன் என்றார் அக்கா. அது போலி என்று அப்போதே உனக்குத் தெரியுமா, இல்லை வேலை போன பிறகு தெரிந்ததா என்று கேட்டார் வக்கீல்.

"அரைகுறையாத் தெரியும்னு சொல்லலாம்னு பஸ்ல வரும்போது நெனச்சேன்" என்றாராம் அக்கா. "அது பொய். முழுசாவே தெரியும். தெரிஞ்சுதான் அடைச்சேன்."

லட்சுமம்மா பின்பெஞ்சில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தாளாம். அவளுக்கு யாரோ கன்னடத்தில் தணிந்த குரலில் எடுத்துச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

தீர்ப்பு இரண்டாயிரத்து ஆறில் வந்தது. கடைக்காரர் கொடுத்தது வெறும் துண்டுச்சீட்டு, முறையான பில் இல்லை. விதையில் கொஞ்சம் எடுத்துவைத்து லேபில் கொடுத்திருக்க வேண்டும், ஆனால் இருந்த விதை முழுவதையும் நட்டுவிட்டார்கள். உறையில் இருக்கும் லாட் நம்பரைக் கம்பெனி சோதித்துப் பார்த்த தாள் இருக்கிறது, அதில் விதை சுத்தம். உறையின் அச்சு நகர்ந்திருப்பது மட்டும் போதுமான சாட்சி இல்லை. எலிசபெத் என்பவர் வேலையிலிருந்து நீக்கப்பட்டவர், ஆகவே அவர் சொல்வதை அப்படியே ஏற்க முடியாது. கேஸ் தள்ளுபடி.

அந்த நம்பர் இரண்டு தடவை அடிக்கப்பட்டது என்று சொல்ல ஒரே ஒருத்தியால்தான் முடிந்திருக்கும். அவள் அப்போது ஐந்நூறு ரூபாய் சம்பள உயர்வோடு அதே மெஷினில் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கல்யாணத்துக்குச் சேஷகிரி ஒரு பட்டுப்புடவை கொடுத்திருந்தார்.

மருந்துக் கடனுக்கு லட்சுமம்மாவின் இரண்டு ஏக்கரும் போனது. மாமியாரிடம் இரண்டு பிள்ளைகளை விட்டுவிட்டு, அவள் பெங்களூருக்கே வந்து கட்டட வேலையில் சேர்ந்தாள். ஈஜிபுராவுக்குப் பக்கத்திலேயே தகரக் கொட்டகையில் இருந்தாள். அவளைப்போல அந்தக் கொட்டகைகளில் ஹிரியூர் பக்கத்து ஆட்கள் இருபது முப்பது பேர் இருந்தார்கள். எல்லாரும் போலி விதை வாங்கியவர்கள் இல்லை. சிலருக்கு மழை தவறியது, சிலர் அசல் விதையே போட்டும் விதை, உரம், குத்தகை என்று செலவு செய்த பணத்துக்குப் பஞ்சு விலை கட்டவில்லை. முன்பெல்லாம் ஒரு வருஷம் தவறினால் கையில் இருக்கிற கம்பையோ கேழ்வரகையோ விதைத்து அடுத்த வருஷத்துக்குப் போய்விடலாம், இப்போது விதைக்கே கடன் வாங்கிவிட்டுத்தான் ஏரைத் தொடுகிறோம் என்று அவர்களில் ஒரு பெரியவர் சொன்னதாக அக்கா பிறகு ஒரு தடவை சொன்னார்.

கார்மெண்ட்ஸ் தையல் ஃபேக்டரியில் கேட்டதற்கு, அக்காவுக்கு வயதாகிவிட்டது என்றார்கள். கோரமங்களாவில் நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கப் போனார். வீணா பத்தாம் வகுப்பில் முதல் வகுப்பு வாங்கியிருந்தாள். மேலே பி.யு.சி. படிக்க அப்ளிகேஷன் வாங்கி வைத்தார்கள், நிரப்பவில்லை. இரண்டு வருஷம் அம்மாவோடு வீட்டு வேலைக்குப் போனாள், பதினெட்டு ஆனதும் கார்மெண்ட்ஸில் சேர்ந்தாள். ஆம்ப்ரோஸ் அக்காவிடம் இதைப் பற்றி ஒரு வார்த்தை குறையாகச் சொன்னதில்லை என்று வீணா சொல்வாள். ஆனால் மகளோடு மட்டும் பேசுவது குறைந்துவிட்டதாம். அவள் முகத்தைப் பார்க்க அவரால் முடியவில்லை.

சேஷகிரியின் குடோனைக் கம்பெனியே பிறகு நிறுத்திவிட்டது. அதற்குக் காரணம் போலி விதை இல்லை. ஊருக்கு வெளியே சொந்தமாகப் பெரிய பிளாண்ட் கட்டிக்கொண்டார்கள், எல்லாம் மெஷின். விதை விலையும் அரசாங்கம் தலையிட்டதில் பாதிக்கும் கீழே இறங்கியது. சேஷகிரி குடோனை இடித்து நாலு மாடி கட்டி, வேலைக்குப் போகும் பிள்ளைகளுக்கு வாடகைக்கு விட்டிருக்கிறார். நாங்கள் பதினாலு பேரும் ஒரே நாளில் வெளியே வந்தோம். ஞாபகம் இல்லை என்று சொல்லி நான் காப்பாற்றிய வேலை மூன்று வருஷம்கூட நிற்கவில்லை.

இரண்டாயிரத்து எட்டில், என் மகனுக்குத் தடுப்பூசி போட்டுவிட்டுத் திரும்பும்போது, ஈஜிபுரா சிக்னல் அருகில் எலிசபெத்தக்காவைப் பார்த்தேன். இளைத்திருந்தார். என் பிள்ளையின் காலைப் பிடித்துப் பார்த்து, ஊசி போட்ட இடத்தில் தேய்க்காதே, ஐஸ் வை என்றார். நான் அவ்வளவு நாளாக மனசில் வைத்திருந்ததை அங்கேயே ரோட்டில் நின்று சொன்னேன். நான் வந்து சாட்சி சொல்லியிருந்தால் அந்த அம்மாவுக்கு ஏதாவது கிடைத்திருக்கும் என்றேன்.

அவர் பிள்ளையின் காலிலிருந்து கையை எடுத்தார்.

"சொல்லியிருந்தாலும் பில்லு இல்லைன்னுதான் சொல்லியிருப்பாங்க, விஜி" என்றார். "ஆனா நீ சொல்லல."

அவர் குரலில் கோபம் இல்லை. என்னை மன்னித்ததாகவும் அது இல்லை. லட்சுமம்மா எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன். போன மாதம் காய்ச்சலில் கிடந்தாள், கொட்டகைக்குக் கஞ்சி கொண்டுபோனேன், வாங்கிக்கொண்டாள், பேசவில்லை என்றார். மூன்று வருஷமாக அப்படித்தானாம். கொடுப்பதை வாங்கிக்கொள்வாள், எதிரில் வைத்துச் சாப்பிட மாட்டாள். அக்காவும் அங்கே நிற்க மாட்டாராம்.

ஒரு வீட்டில் நாலு மணிக்குப் போக வேண்டும், நேரமாகிவிட்டது என்று சொல்லிவிட்டு அவர் சிக்னலைத் தாண்டிப் போனார். பிள்ளை அழத் தொடங்கியதால் நான் ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்தேன்.